ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் கார்ட்டூன் விழாவும் பில் வாட்டர்சன் உரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' என்ற நாளிதழ்ச் சித்திரத்தொடரை வரைந்த பில் வாட்டர்சன் பொதுமேடை ஏறுவது அபூர்வம். அப்படி ஏறிய நாட்களில் ஒன்று 1989 அக்டோபர் 27. இடம், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் உள்ள ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம். அந்த உரை, அதற்கு மேடை தந்த விழா, அதன் பின்னால் இருக்கும் நூலகம் ஆகியவை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இதேபோல ஒரு கூட்டத்தைத் தங்கள் கல்லூரியில் நடத்த நினைப்பவர்கள் கேட்கும் நடைமுறைச் சந்தேகங்கள் பின்பாதியில் உள்ளன.

அது என்ன விழா?

'கார்ட்டூன் கலை விழா' என்ற பெயரில் 1983 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பல்கலைக்கழகம் நடத்திவந்த கூட்டம். 1983, 1986, 1989 என்று எண்ணினால் வாட்டர்சன் பேசியது மூன்றாவது விழாவில். நாளிதழ் ஸ்ட்ரிப் (சில கட்டங்களில் வரையும் சித்திரத்தொடர்) வரைபவர்கள், அரசியல் கார்ட்டூனிஸ்டுகள், அவற்றை நாளிதழ்களுக்கு விநியோகிக்கும் சிண்டிகேட்காரர்கள், ஆய்வாளர்கள், வாசகர்கள் எல்லோரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்பார்கள். கூடவே நூலகத்தின் ஒரிஜினல் சித்திரங்களின் கண்காட்சியும் நடக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஓஹாயோ பல்கலைக்கழகம் என்பது ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கும் வேறொரு நிறுவனம். இணையத்தில் தேடும்போது 'மாநில' என்ற சொல்லை விட்டுவிட்டால் தவறான இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

காமிக்கான் மாதிரியா?

இல்லை. காமிக்கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவில் கடைகளும் வேடமணிதலும் பட அறிவிப்புகளும்தான் முதன்மை. பேச வருபவர் பெரும்பாலும் தன் அடுத்த வெளியீட்டை விற்க வருகிறார். பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேச்சே முதன்மை. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் தொழிலைப் பற்றி மனம்விட்டுப் பேச முடியும். 1989 உரை அந்த அரங்கில் நிகழ்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

பல்கலைக்கழகத்துக்குள் கார்ட்டூன் எப்படி வந்தது?

மில்டன் கேனிஃப் என்ற கார்ட்டூனிஸ்ட் வழியாக. ஓஹாயோவில் பிறந்தவர். இதே பல்கலைக்கழகத்தில் படித்து 1930-இல் பட்டம் பெற்றவர். 1934-இல் 'டெர்ரி அண்ட் த பைரேட்ஸ்' தொடங்கிப் பெரும்புகழ் அடைந்தார். ஆனால் அந்தத் தொடரின் உரிமை அவரிடம் இல்லை, சிண்டிகேட்டிடம் இருந்தது. அதனாலேயே 1946 முடிவில் அதை விட்டு விலகி, 1947 ஜனவரியில் தனக்கே சொந்தமான 'ஸ்டீவ் கேன்யன்' தொடரைத் தொடங்கினார். தன் சித்திரங்களையும் காகிதங்களையும் அவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, அவற்றை வைத்து 1977-இல் லூசி ஷெல்ட்டன் காஸ்வெல் என்ற நூலகர் இரண்டு வகுப்பறைகளில் ஒரு சேகரிப்பைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகமும் அருங்காட்சியகமும். பில்லி அயர்லாந்து 'கொலம்பஸ் டிஸ்பாட்ச்' நாளிதழின் கார்ட்டூனிஸ்ட், இளம் கேனிஃபுக்கு வழிகாட்டியாக இருந்தவர். 2009-இல் நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2013 நவம்பரில் சல்லிவன்ட் ஹால் கட்டடத்தில் இன்றைய இடம் திறக்கப்பட்டது.

உரிமைக்காகத் தன் வெற்றித் தொடரையே விட்டுவிட்டு வந்தவரின் சேகரிப்பில் தொடங்கிய நூலகம் இது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே உரிமைப் பிரச்சினையை வாட்டர்சன் எழுப்பியதும் இந்த நூலகம் நடத்திய விழாவில்தான். கேனிஃப் அந்த உரைக்கு முந்தைய ஆண்டு, 1988-இல் காலமாகிவிட்டார்.

1989-இல் வாட்டர்சன் எந்த நிலையில் இருந்தார்?

வயது 31. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' 1985 நவம்பர் 18-இல் தொடங்கியது. எனவே உரை நிகழ்ந்தபோது தொடருக்கு இன்னும் நான்கு வயதுகூட நிறையவில்லை. அதற்குள் அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகள் சங்கத்தின் உயரிய விருதான ரூபன் விருதை 1986-க்கும் 1988-க்குமாக இரண்டு முறை பெற்றிருந்தார். கூடவே, தன் பாத்திரங்களைப் பொம்மையாகவும் பனியனாகவும் விற்கக் கூடாது என்று தன் சிண்டிகேட்டான யுனிவர்சல் பிரஸ்ஸுடன் போராடிக்கொண்டும் இருந்தார். ஒப்பந்தப்படி அந்த அதிகாரம் சிண்டிகேட்டிடம் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உரையைப் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஓய்வாக உட்கார்ந்து சொன்ன கருத்துகள் அல்ல அவை.

சிண்டிகேட் என்றால் என்ன?

கார்ட்டூனிஸ்டுக்கும் நாளிதழ்களுக்கும் இடையில் நிற்கும் விநியோக நிறுவனம். ஒரே ஸ்ட்ரிப்பை நூற்றுக்கணக்கான நாளிதழ்களுக்கு விற்று, வரும் பணத்தைக் கார்ட்டூனிஸ்டுடன் பங்கிட்டுக்கொள்ளும். புதிதாக வருபவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் உள்ளே நுழைய வேறு கதவு கிடையாது. அந்தக் காலத்து வழக்கமான ஒப்பந்தத்தில் பாத்திரங்களின் உரிமையும் சிண்டிகேட்டுக்கே போய்விடும்.

உரையில் அவர் சொன்னது என்ன?

தலைப்பை 'காமிக்ஸ் மலிவாக்கப்படுதல்' என்று தமிழாக்கலாம். தன்னை உருவாக்கிய மூன்று தொடர்களிலிருந்து தொடங்குகிறார்: சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்', வால்ட் கெல்லியின் 'போகோ', ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்'. அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய ஸ்ட்ரிப்புகள் ஏன் இளைத்துப்போயின என்பதே அவரது கேள்வி.

அவர் சொல்லும் காரணங்கள் நான்கு முனைகளில் நிற்கின்றன. முதலாவது இடம். நாளிதழ்கள் ஸ்ட்ரிப்புகளைச் சுருக்கிக்கொண்டே வந்தன. சுருங்கச் சுருங்க நுணுக்கமான சித்திரமும் நீண்ட உரையாடலும் சாத்தியமில்லாமல் போய், பேசும் தலைகள் மட்டும் மிஞ்சின. இரண்டாவது உரிமை. படைத்தவர் தன் படைப்புக்கு ஊழியர் போல ஆகிவிடுகிறார். மூன்றாவது, உதவியாளர்களை வைத்து வரைவிப்பதும், படைத்தவர் இறந்தபின்னும் பிறர் கையால் தொடரை நீட்டிப்பதும். பழைய தொடர் நகர மறுப்பதால் நாளிதழ்ப் பக்கத்தில் புதியவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. நான்காவது, பாத்திரங்களைச் சரக்காக்கி விற்பது. நான்கு கட்டங்களில் மெல்ல உயிர்பெறும் ஒரு பாத்திரம் குவளையிலும் போர்வையிலும் ஒற்றை முகபாவத்தோடு உறைந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

குற்றத்தை சிண்டிகேட்டின் மேலும் நாளிதழின் மேலும் மட்டும் சுமத்திவிட்டு அவர் இறங்கிவிடவில்லை. கார்ட்டூனிஸ்டுகளே இதற்கு உடந்தை என்று கார்ட்டூனிஸ்டுகள் நிறைந்த அவையிலேயே சொன்னார். உரையின் கனம் அதில்தான் இருக்கிறது.

இடம் சுருங்கியது என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி நடந்தது?

ஞாயிறு ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டால் தெளிவாகப் புரியும். முழுமையான வடிவத்தில் அது மூன்று வரிசை. சில நாளிதழ்கள் மூன்றையும் போடும். சில, மேல்வரிசையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வரிசை மட்டும் போடும். இன்னும் சில, மிஞ்சிய கட்டங்களையும் கலைத்து வேறு வடிவத்தில் அடுக்கிக்கொள்ளும். எல்லா நாளிதழ்களுக்கும் ஒரே சித்திரம் போவதால், கார்ட்டூனிஸ்ட் மூன்று விதத்துக்கும் பொருந்துமாறு வரைந்தாக வேண்டும்.

இதனால் மேல்வரிசையில் தலைப்புக் கட்டமும், வெட்டினாலும் கதை கெடாத ஒரு சில்லறை நகைச்சுவையும்தான் வைக்க முடியும். கதை இரண்டாம் வரிசையில்தான் தொடங்கலாம். கட்டங்களின் எல்லைக்கோடுகள் குறிப்பிட்ட இடங்களில் விழுந்தே ஆக வேண்டும். அகலமான ஒரு நிலக்காட்சியையோ, பக்கம் முழுதும் உயர்ந்து நிற்கும் ஒரு டைனோசரையோ வரைய வழியே இல்லை. ஹெரிமனுக்கு முழுப்பக்கம் கிடைத்தது. அவர் ஒவ்வொரு வாரமும் பக்கத்தைப் புதிதாக வகுத்தார். வாட்டர்சன் ஏங்கியது அந்தச் சுதந்திரத்துக்குத்தான்.

உரைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

தொழில் முழுக்க மாறிவிடவில்லை. அவர் விஷயத்தில் மாறியது. 1991-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, பாத்திரங்களைச் சரக்காக்கும் உரிமை அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அந்த ஆண்டு மே மாதம் முதல் 1992 ஜனவரி முடிய விடுப்பில் இருந்தார். 1992 பிப்ரவரியில் திரும்பியபோது ஞாயிறு ஸ்ட்ரிப் பிரிக்க முடியாத அரைப்பக்கமாக வந்தது. அந்த மாதத்துக்கு முந்தைய ஞாயிறு ஒன்றையும் பிந்தைய ஞாயிறு ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்பு நேர்வரிசையில் நின்ற கட்டங்கள் பின்பு சாய்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, சில வாரம் காணாமலே போகின்றன. இடம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று 1989-இல் வாதித்தவர் அதைச் செய்தே காட்டினார். 1995 டிசம்பர் 31-இல் தொடரைத் தன் விருப்பப்படி முடித்தார். வேறு யாரும் அதைத் தொடரவில்லை.

அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றார்களா?

இல்லை, ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. அரைப்பக்கத்தைக் கட்டாயமாக்கியதை நாளிதழ் ஆசிரியர்கள் பலர் விரும்பவில்லை. ஒரு தொடருக்கு இடம் கூடினால் இன்னொன்றுக்குக் குறையும் என்பது அவர்கள் வாதம். உதவியாளர் வைத்துக்கொள்வது சித்திரக்கலையின் பழைய வழக்கம், அது தன்னளவில் குற்றமில்லை என்பவர்களும் உண்டு.

எங்களுக்குச் சிக்கலாகத் தோன்றும் இடம் ஷுல்ஸ். 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை 17,897 ஸ்ட்ரிப்புகளையும் அவரே வரைந்தார். தனக்குப் பின் வேறு யாரும் வரையக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். ஆனால் ஸ்னூப்பி பதிக்கப்படாத பொருளே இல்லை. ஆக, சரக்காக்குவதும் கைவினை கெடுவதும் எப்போதும் சேர்ந்தே நடக்கும் என்று சொல்ல முடியாது. உரையைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பினால் விவாதம் நன்றாக நடக்கும்.

வேறெங்கும் பேசியிருக்கிறாரா?

1990 மே மாதம், தான் படித்த கென்யன் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் பேசினார். 2014-இல் பில்லி அயர்லாந்து நூலகத்தில் நடந்த அவரது சித்திரக் கண்காட்சியை ஒட்டி, அதன் காப்பாளர் ஜென்னி ராப் அவரிடம் எடுத்த நீண்ட நேர்காணல் அச்சில் கிடைக்கிறது.

அவருடைய ஒரிஜினல்கள் அங்கே இருக்கின்றனவா? அச்சில் தெரியாதது அவற்றில் என்ன தெரியும்?

இருக்கின்றன. தன்னிடமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஒரிஜினல்களை இந்த நூலகத்தின் பொறுப்பில்தான் வாட்டர்சன் ஒப்படைத்திருக்கிறார். 2001-இலும் 2014-இலும் அவற்றிலிருந்து தேர்ந்து கண்காட்சிகள் நடந்தன.

முதலில் கண்ணில் படுவது அளவு. அச்சில் விரல்நுனி அளவுக்குச் சுருங்கிய முகம் ஒரிஜினலில் தாராளமாக மூச்சுவிடும். ஸ்ட்ராத்மோர் பிரிஸ்டல் அட்டையில் மெல்லிய பென்சில், அதன்மேல் சின்ன சேபிள் தூரிகையால் இந்தியன் இங்க், எழுத்துகளுக்கு ராபிடோகிராஃப் பேனா என்பது அவர் முறை. தூரிகை அழுந்திய இடத்தில் கோடு தடித்து, தூக்கிய இடத்தில் இழையாகிறது. தட்டச்சுக்குப் பயன்படும் வெள்ளைத் திருத்தும் திரவத்தைப் பூசித் தவறுகளை மறைத்திருப்பதும் தெரியும். அச்சுக்குப் போகும் கேமராவுக்கு வெள்ளை வெள்ளைதான் என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வரையக் கற்பவருக்கு அந்த வெள்ளைத் திட்டுகள் பெரிய பாடம். எந்தக் கோட்டில் தயங்கினார் என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

அருங்காட்சியகக் கூடத்துக்குக் கட்டணமில்லை. அங்கே தொங்குவதை யாரும் பார்க்கலாம். தொங்காததைப் பார்க்க வேண்டுமானால் வாசக அறைக்குப் போக வேண்டும். அது மாணவருக்கு மட்டும் உரியதல்ல, பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. அடுக்குகளுக்குள் நாமே போய் எடுக்க முடியாது, எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே முன்கூட்டியே இணைய அட்டவணையில் தேடி, தேவையானதின் எண்ணைக் குறித்து, வரும் நாளைச் சொல்லி எழுதிவிடுங்கள். 'வாட்டர்சன் சித்திரம் வேண்டும்' என்று கேட்பதைவிட, எந்தத் தேதியில் வெளிவந்த ஸ்ட்ரிப் என்று கேட்டால் வேலை விரைவாக நடக்கும். மேசையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும்தான். ஆய்வுக்குப் படம் எடுத்துக்கொள்வதும் அதை வெளியிடுவதும் வெவ்வேறு அனுமதிகள். வெளியிட உரிமையாளரிடம் கேட்க வேண்டும், நூலகம் அதைத் தர முடியாது.

பிளாக்பியர்ட் தொகுப்பு என்று சொல்கிறார்களே?

பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் காப்பாற்றியது அது. இருபதாம் நூற்றாண்டில் நூலகங்கள் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துவிட்டு, தைத்த கட்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தன. ஞாயிறு காமிக்ஸின் வண்ணம் அதோடு அழிந்துகொண்டிருந்தது. பிளாக்பியர்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்தக் கட்டுகளை வாங்கிக் குவித்து, ஸ்ட்ரிப்புகளை வெட்டி வரிசைப்படுத்தினார். 1998-இல் அந்தத் தொகுப்பு ஆறு பெரிய சரக்கு லாரிகளில், சுமார் 75 டன் எடையில் கொலம்பஸ் வந்து சேர்ந்தது. நறுக்குகளும் பக்கங்களுமாக ஏறத்தாழ 25 லட்சம். பழைய ஸ்ட்ரிப்புகளின் நல்ல மறுபதிப்பு எதையாவது நீங்கள் கையில் வைத்திருந்தால் அதில் இந்தக் காகிதங்களின் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

விழா இப்போதும் நடக்கிறதா?

பழைய பெயரில் இல்லை. 2015 முதல் 'கார்ட்டூன் கிராஸ்ரோட்ஸ் கொலம்பஸ்' என்ற நகர விழாவாக மாறியது. நூலகமும் அதில் பங்காளி.

மற்ற பல்கலைக்கழகங்களில்?

ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2002-இல் காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னரை மையமாக வைத்துக் காமிக்ஸ் மாநாட்டைத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2012 மே 18 முதல் 20 வரை ஆர்ட் ஸ்பீகல்மேன், ராபர்ட் கிரம்ப், அலிசன் பெக்டெல், ஜோ சாக்கோ, கிறிஸ் வேர் உட்பட 17 காமிக்ஸ் கலைஞர்கள் ஒரே மேடையில் கூடினார்கள். ஒரே விருந்தினர் என்றால் அவர் பேச்சு முழுமையாகக் கிடைக்கும். பலர் என்றால் உரையாடல் கிடைக்கும். முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒருவரே போதும் என்பது எங்கள் யோசனை.

எங்கள் கல்லூரியில் நடத்த விரும்புகிறோம். எப்போது தொடங்க வேண்டும்?

ஒன்பது மாதம் முன்பு. தினசரி வரைபவருக்கு ஒரு நாள் வெளியூர் என்றால் அந்த நாள் வேலையை முன்கூட்டியே முடித்தாக வேண்டும். அதனால் ஒரு மாதத்துக்கு முன் கூப்பிட்டால் பெரும்பாலும் 'முடியாது' என்றுதான் பதில் வரும்.

அழைப்புக் கடிதத்தில் இவை தெளிவாக இருக்கட்டும்: தேதி, உரையின் நீளம் (45 நிமிட உரை, 30 நிமிடக் கேள்வி நேரம் என்பது நல்ல அளவு), அவையில் எத்தனை பேர், அவர்கள் யார், மதிப்பூதியம் எவ்வளவு, அது எந்த நாளில் கைக்கு வரும், பயணச்சீட்டை யார் எடுப்பது. ஒளிப்பதிவுக்கும், மேடையில் வரைவதற்கும், கையெழுத்துப் போடுவதற்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். மூன்றையும் ஒரே வரியில் அடக்கிக் கேட்டால், ஒன்றில் தயக்கம் இருப்பவர் மொத்தத்துக்கும் மறுத்துவிடுவார்.

திரையில் ஸ்ட்ரிப்பைக் காட்டும்போது பின்வரிசைக்கு எழுத்து தெரிவதில்லை. ஏன்?

இதுவே மிகுதியாக நடக்கும் பிழை. நான்கு கட்ட ஸ்ட்ரிப் அகலமானது, உயரம் குறைவு. திரையின் அகலத்தை நிரப்பினாலும் உயரத்தில் பாதிதான் நிறையும். ஸ்ட்ரிப்பின் அகலத்தில் எழுத்தின் உயரம் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் அகலத் திரையில் அது 6 செ.மீ. ஆகிறது. 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் சிரமமின்றிப் படிக்க சுமார் 10 செ.மீ. வேண்டும். தீர்வு எளிது. நான்கு கட்டங்களை இரண்டிரண்டாக இரு வரிசையில் அடுக்குங்கள். எழுத்து 12 செ.மீ. ஆகிவிடும், திரையும் நிறையும்.

ஆனால் இப்படி அடுக்கியதைக் கலைஞரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கட்டங்களைக் கலைத்து அடுக்குவதுதானே வாட்டர்சனின் குறையே. அதனால் முதலில் அசல் வடிவத்தை முழுதாகக் காட்டி, பிறகு படிப்பதற்கு அடுக்கியதைக் காட்டுவது நல்ல வழக்கம். கடைசிக் கட்டத்தை மறைத்து வைத்துப் பேச்சாளர் படித்து முடித்தபின் திறப்பது வேண்டாம். வாசகரின் கண் தானே நகரும் வேகத்தில்தான் நகைச்சுவை வேலை செய்கிறது.

ஸ்கேன் செய்வதற்கு, கோட்டுச் சித்திரமானால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), வண்ணமானால் 300 போதும். இணையத்தில் கிடைத்த சிறு படத்தைப் பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும், தூரிகைக் கோட்டின் அழகே போய்விடும்.

மேடையில் வரைந்து காட்டச் சொல்லலாமா?

அவர் ஒப்புக்கொண்டால். கை தாளில் இருக்கும், தலை குனிந்திருக்கும் என்பதால் கைமைக் உதவாது, காதில் மாட்டும் மைக் வேண்டும். தாளுக்கு நேர்மேலே கேமரா. அதன் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் தாளைப் பார்த்து நிறுத்திப் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் கை நுழையும்போதெல்லாம் ஃபோகஸ் அலையும். வெள்ளைத் தாளைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, தாள் சாம்பல் நிறமாகிவிடும். வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டின் நுனி நிழலில் மறையும். மெல்லிய நிப் திரையில் தெரியாது, 3 முதல் 5 மி.மீ. முனையுள்ள மார்க்கர் எடுத்து வையுங்கள். அவர் பழகிய தாளையே கேட்டு வாங்குங்கள். தெரியாத தாளில் மை பரவும், அதன் பழி கலைஞர் மேல் விழும்.

ஒரிஜினல்களைக் கண்காட்சியில் வைக்கும்போது?

வெளிச்சம்தான் முதல் எதிரி. காகிதச் சித்திரங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியக அளவுகோல். வழக்கமான வகுப்பறை விளக்கு 300 முதல் 500 வரை போகும். வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போவது. விளக்கை அணைத்தால் நிற்குமே தவிர, போன நிறம் திரும்பாது. இந்தியன் இங்க் தாங்கும். ஃபெல்ட் பேனாவும் சாய மைகளும் மங்கும். சாளரம் உள்ள சுவரைத் தவிருங்கள்.

ஒட்டும் நாடா கூடவே கூடாது. அமிலமற்ற அட்டையில், ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் பொருத்துவதுதான் முறை. பின்னர் தண்ணீர் தொட்டால் கழன்றுவிடும். சித்திரம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் ஜன்னல் அட்டை (சித்திரம் தெரியும்படி நடுவே வெட்டிய தடித்த அட்டை) இருக்கட்டும். பழைய ஒரிஜினல்களில் புள்ளித்திரை (நிழல் காட்ட ஒட்டும் புள்ளிகள் அச்சிட்ட மெல்லிய தாள்) ஒட்டியிருந்தால் அதன் ஓரம் சுருங்கித் தூக்கியிருக்கும். திருத்தும் வெள்ளை காய்ந்து செதிலாக உதிரும். இவற்றைச் செங்குத்தாக மாட்டாமல் கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைப்பது பாதுகாப்பு. கையுறை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: கழுவி உலர்ந்த கைகளே காகிதத்துக்கு நல்லது, துணிக் கையுறை விளிம்பில் மாட்டிக் கிழிக்கும்.

இரவல் வாங்கும்போதே முன்னும் பின்னும் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கறை, மடிப்பு எல்லாவற்றையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். திருப்பித் தரும் நாளில் பேச்சு வளராது.

கையெழுத்து வரிசையை எப்படிக் கையாள்வது?

கணக்குப் போட்டுவிடுங்கள். வெறும் கையெழுத்துக்கு ஆளுக்கு 30 விநாடி என்றால் 200 பேருக்கு 100 நிமிடம். சின்னச் சித்திரமும் சேர்த்து 4 நிமிடம் என்றால் 13 மணி நேரத்துக்கு மேல். எனவே சித்திரம் வேண்டுமானால் 15 டோக்கன், அதற்கு மேல் வேண்டாம். பெயரை முன்பே ஒரு சீட்டில் எழுதிவரச் சொன்னால் எழுத்துப்பிழையும் நேரமும் மிச்சம்.

விருந்தினர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தன் ஊர்ப் புத்தகக்கடையில் வாட்டர்சன் ஓசைப்படாமல் நூல்களில் கையெழுத்திட்டு அடுக்கில் வைத்துவந்தார். அவை இணையத்தில் கொள்ளைவிலைக்கு விற்கப்படுவது தெரிந்ததும் நிறுத்திவிட்டார். மறுப்பவருக்கு இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும்.

உரையை ஒளிப்பதிவு செய்தால் போதாதா? எழுத்துவடிவமும் தேவையா?

தேவை. 1989 உரை இன்றும் வகுப்பறைகளில் படிக்கப்படுவது அது எழுத்தாகக் கிடைப்பதால்தான். விருந்தினர் எழுதி வைத்துப் பேசினால் அந்தப் பிரதியை அன்றே கேட்டு வாங்குங்கள். குறிப்பை வைத்துப் பேசினால் ஒரு வாரத்துக்குள் கேட்டு எழுதுங்கள். தள்ளிப்போட்டால் பெயர்களும் ஆண்டுகளும் ஒலிப்பதிவில் தெளிவில்லாத இடங்களில் சரிபார்க்க ஆள் இருக்காது. கேள்வி நேரத்தில் கேட்பவருக்கும் மைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பதில் மட்டும் பதிவாகி, கேள்வி காணாமல் போகும். எழுதியதை விருந்தினருக்கு அனுப்பித் திருத்தம் வாங்கி, எந்தெந்த ஸ்ட்ரிப் எந்த இடத்தில் திரையில் காட்டப்பட்டது என்று தேதியோடு ஓரத்தில் குறித்து, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் பட்டியலிட்டு வையுங்கள்.